ஆறுதல் காலம்

இணைவரிச் சட்டம் பற்றிய பொது விசாரணை தூத்துக்குடிக்கு வந்த அன்று ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் லீவு. இளம் நர்ஸுகள் ஒரு கட்சி, ஓய்வு பெறப் போகிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் காலையிலேயே கடற்கரைச் சாலை மண்டபத்துக்குக் கிளம்பிப் போய்விட்டன. இருதயப் பிரிவில் மிஞ்சியது தலைமை நர்ஸ் சரோஜினியும் பிரிசில்லா மோத்தாவும்தான்.

சுவரில் இருந்த டிவியில் விசாரணை நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. இளையோர் வரிப் பேரவையின் நிலவழகன் பேசிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம்.

"நாங்க பிறக்கிறதுக்கு முன்னாடி யாரோ யாருக்கோ கொடுத்த வாக்கு இது. அதை நாங்க காப்பாத்திக்கிட்டு இருக்கோம். என் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு போகுது. யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்கற உரிமைகூட எனக்கு இருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறானாம்?" என்றாள் சரோஜினி, மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டே. ஐம்பத்திரண்டு வயது. இன்னும் ஆறு வருஷத்தில் அவளும் ஓய்வூதியக்காரி. "முன்னெல்லாம் கஜானாவில இருந்து பென்ஷன் போச்சு. எவன் காசு எவனுக்குப் போகுதுன்னு யாருக்குத் தெரியும்? நிம்மதியா இருந்தோம்."

"கஜானா காலியாப் போச்சே அக்கா. வயசானவங்க கூடிட்டாங்க, சம்பாதிக்கிறவங்க குறைஞ்சுட்டோம்."

"பெரிய பெரிய பென்ஷன் வாங்குறவன் மேல வரியைப் போட்டிருந்தா சரியாயிருக்கும். அதைச் செய்ய எவனுக்கும் தைரியம் இல்ல. ஒரு கிழவனுக்கு நாலு சின்னஞ்சிறுசுன்னு கட்டிப்போட்டுட்டானுவ."

இணைவரிச் சட்டத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொருவரோடும் நாற்பது வயதுக்கு உட்பட்ட நான்கு பேரைக் கணினி இணைத்தது. அந்த நாலு பேர் சம்பளத்தில் பிடிக்கிற இணைவரி நேராக அந்த ஒருவருக்குப் போகும். ஓய்வூதியக்காரர் இறந்துவிட்டால், அடுத்த இணைப்பு வரும் வரை இரண்டு வருஷம் நாலு பேருக்கும் பிடித்தம் கிடையாது. சட்டத்தில் அதற்கு 'ஆறுதல் காலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த அதிகாரி யோசித்த பெயரோ தெரியவில்லை.

முதலில் பெயர்களை மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். பேரவை வழக்குப் போட்டு ஜெயித்ததும், மூன்று மாதத்துக்கு முன்பு, இரண்டு பக்கமும் பெயர்கள் திறந்துவிடப்பட்டன. ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. முன்பின் பார்த்திராதவர்கள் ஒருவருக்கொருவர் பொங்கல் வாழ்த்து அனுப்பினார்கள். ஒரு கிழவி தன் நாலு பேருக்கும் முறுக்கு சுட்டு அனுப்பிய கதை டிவியில் வந்தது. அப்புறம் மெதுவாக வேறு கதைகள் வந்தன. நாகர்கோவிலில் ஒருவர் மார்க்கெட்டில் விலை கூடிய வஞ்சிர மீன் வாங்குவதைப் படமெடுத்து, 'என் காசில் வஞ்சிரம்' என்று போட்டான் அவரோடு இணைக்கப்பட்டவன். மதுரையில் ஒருவர் செத்ததற்கு நாலு பேரில் ஒருத்தன் மாலையோடு வந்திருக்கிறான். சொந்தக்காரர்கள் அவனை அடித்து விரட்டியிருக்கிறார்கள். அவன் அழுதுகொண்டுதான் வந்தானாம்.

சரோஜினியின் போன் அடித்தது. விசாரணைக்கு ஆள் ஏற்றிவந்த வேன் பைபாஸில் கவிழ்ந்துவிட்டது. அவசரப் பிரிவில் ஆள் வேண்டும்.

"நீ ஒத்தையில பார்த்துக்கிடுவியா பிரிசி?"

"டாக்டர் சதக் கீழேதான இருக்காரு? போயிட்டு வாங்க அக்கா."

சரோஜினி அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் வந்தது.

வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். கூடவே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். மகள் போல. பெயர்கூடக் கேட்காமல் வாசலில் உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள். அவரைக் கட்டிலுக்கு மாற்றி, மார்பில் பட்டைகளை ஒட்டி, கையில் ஊசிக்குழாயைச் செருகி முடிக்கும் வரை பிரிசில்லாவுக்கு அவர் ஒரு நோயாளி, அவ்வளவுதான். நாடி மிகவும் மெதுவாக அடித்தது. அவருடைய கட்டைவிரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள், பழைய சிகிச்சை விவரம் வருமே என்று.

பெயர் வந்தது. வேலாயுதப்பெருமாள், உப்புத் துறை, ஓய்வு. அதன் கீழே மஞ்சளில் ஒரு வரி: 'இணைப்பு முரண். இந்நோயாளியின் இணைவரியாளர் இப்பிரிவில் பணியில் உள்ளார்.'

மூன்று மாதமாகச் சம்பளச் சீட்டைத் திறக்கும்போதெல்லாம் அவள் பார்க்கிற பெயர் அது. பொங்கலுக்கு அவர் வாழ்த்து அனுப்பியிருந்தார். அவள் பதில் எழுதி, எப்படி அழைப்பது என்று தெரியாமல் அழித்துவிட்டாள். இப்போது அந்த மனிதர் வெள்ளை மீசையும் திறந்த வாயுமாக அவள் முன்னால் கிடந்தார்.

இரண்டு வருஷம், என்றது மனசுக்குள் ஏதோ ஒன்று. அவள் அதைக் கூப்பிடவில்லை. அதுவாக வந்து, அதுவாகப் போயிற்று.

நாடி இன்னும் இறங்கியது. டாக்டர் சதக்கை போனில் பிடித்தாள். அவர் கீழே இன்னொரு நோயாளியின் இருதயத்துக்குள் குழாய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அட்ரோபின் போடுங்க, உடனே. இதை முடிச்சிட்டுப் பேஸ்மேக்கரோட ஓடி வரேன். அதுவரைக்கும் தாக்குப் பிடிக்க வைங்க."

மருந்துப் பெட்டகத்தின் முன்னால் போய் நின்றாள். வழக்கமாக முகத்தைக் கண்டதும் கதவு திறந்துகொள்ளும். அன்று திறக்கவில்லை. ரொம்ப மரியாதையான பெண் குரல் ஒன்று சொன்னது: "மன்னிக்கவும். இணைப்பு முரண் உள்ளதால் இந்நோயாளிக்கு நீங்கள் மருந்து எடுக்க இயலாது. பொறுப்பு அலுவலர், நோயாளி, அல்லது நெருங்கிய உறவினரின் ஒப்புதல் தேவை."

அப்படி ஒரு விதி வந்திருப்பது அவளுக்குத் தெரியும். பயிற்சியில் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். தனக்கே நேரும் என்று யார் நினைத்தது? சரோஜினியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுத்தாலும் அவள் நேரில் வந்து முகம் காட்டினால்தான் உண்டு.

ஒப்புதல் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு ஓடிவந்தாள். மகள் அந்த மஞ்சள் வரியைப் படித்துவிட்டிருந்தாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அப்பாவுக்கும் பிரிசில்லாவுக்கும் நடுவில் நின்றாள்.

"சிஸ்டர், நீங்கதானா அது?"

"ஆமாங்க. அவருக்கு இப்ப ஒரு ஊசி போடணும். பெட்டி எனக்குத் திறக்க மாட்டேங்குது. உங்க விரலை இதுல வைங்க."

"வேற யாரையாவது கூப்பிடுங்க."

"வேற யாரும் இல்லைம்மா. இருந்தா நானே தள்ளி நின்னிருப்பேன்."

கட்டிலில் இருந்தவருக்கு இன்னும் நினைவு இருந்தது. பிரிசில்லா குனிந்து, "ஐயா, நீங்களாவது வைங்க. விரலை மட்டும் இதுல வைங்க" என்று பலகையை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவருடைய கண் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டைக்கு வந்தது. அந்த ஊரில்கூட மோத்தா என்ற பெயர் ரொம்பப் பேருக்கு இல்லை. அவர் படித்தார். பிறகு மெல்ல, ஒரு குழந்தை மிட்டாயை மறைப்பது மாதிரி, கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொண்டார்.

பிரிசில்லாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பதினோரு வருஷ வேலையில் திட்டு வாங்கியிருக்கிறாள், எச்சில் துப்பப்பட்டிருக்கிறாள். இப்படி ஒருவர் தன்னிடமிருந்து விரலை ஒளித்ததில்லை.

அவர் கண் மேலே செருகியது. மூடிய கை அப்படியே துவண்டது. இயந்திரம் கத்தத் தொடங்கியது.

"அப்பா," என்றாள் மகள். பிறகு பிரிசில்லாவைப் பார்த்தாள். மகளின் பெயர் சிவகாமி என்பது பின்னால்தான் தெரிந்தது, பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அந்த நேரத்தில் அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "அவர் போயிட்டா உங்களுக்கு என்ன மிச்சம்?"

"மாசம் பதினோராயிரம். ரெண்டு வருஷத்துக்கு."

"உங்களுக்கு அது வேணுமா?"

"வேணும். யாருக்கு வேண்டாம்? ஆனா இப்படி வேண்டாம்." பலகையை நீட்டியபடியே பேசினாள். "என்னை நம்ப வேண்டாம்மா. பக்கத்துல நில்லுங்க. மருந்து பாட்டில்ல பேரைப் படிங்க. நான் போடுறதைப் படம் எடுங்க. விரலை மட்டும் வைங்க."

சிவகாமி கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள்.

பெட்டகம் நன்றி சொல்லித் திறந்தது. பிரிசில்லா மருந்தை எடுத்தாள், ஊசியில் ஏற்றினாள், அளவைப் பார்த்தாள். பக்கத்தில் சிவகாமியின் போன் அவள் கைக்கு நேராக நீண்டிருந்தது. மறுபடி அளவைப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். பிறகு குழாயில் ஏற்றினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. திரையில் கோடு தூரத்துக்கொன்றாக எழும்பி விழுந்தது. சிவகாமி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மறுபடி போடலாமா என்று பிரிசில்லா இரண்டாவது குப்பியைக் கையில் எடுத்தபோது கோடு கொஞ்சம் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. வேலாயுதப்பெருமாளின் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தபோது டாக்டர் சதக் மாஸ்கைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

சாயங்காலம் அவருக்கு பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். அதற்குள் சிவகாமி எடுத்த படம் எப்படியோ வெளியே போய்விட்டது. அவள் தங்கைக்கு அனுப்பினாளாம், தங்கை இன்னொருத்திக்கு. இரண்டு கட்சிக்கும் அது வேண்டியதாயிருந்தது. பாருங்கள், நாங்கள் கொலைகாரர்கள் இல்லை என்றது பேரவை. பாருங்கள், ஒரு விரலுக்காக ஒரு உயிர் ஊசலாடியது என்றது ஓய்வூதியர் சங்கம். விசாரணையின் நான்காம் நாளுக்கு பிரிசில்லாவுக்கு அழைப்பு வந்தது.

மண்டபத்துக்கு வெளியே நிலவழகன் அவளைப் பார்க்க வந்தான். டிவியில் தெரிவதைவிட இளையவன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும். அந்த நேரத்துல ஆறுதல் காலம் உங்க நினைப்புல வரவே இல்லைன்னு சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நாங்க பேர் திறந்தே இருக்கணும்னு வாதாட முடியும்."

"வரலைன்னு சொன்னா பொய்யாயிரும் தம்பி."

அவன் சுற்றிலும் பார்த்தான். "எனக்கும் வந்திருக்கு," என்றான். "என்னோட இணைஞ்சவருக்கு டெங்குன்னு கேள்விப்பட்டப்போ. அதனாலதான் கேக்கறேன். நாம அதைச் சொல்லிட்டா நம்ம எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பாங்க."

உள்ளே விசாரணை ஆணையத்தின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி திலகவதி, அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"வந்துச்சும்மா," என்றாள் பிரிசில்லா.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது.

"எப்போது?"

"பேரைப் பார்த்ததும். வந்துச்சு, போயிருச்சு. அது பெருசில்லை. மனசுல என்னென்னமோ வரும், போகும்." மைக் அவள் உயரத்துக்கு இல்லை, குனிந்து பேச வேண்டியிருந்தது. "நான் வேற ஒண்ணு சொல்லணும். ஊசியில மருந்தை ஏத்தினப்புறம் நான் அளவை மூணு தடவை பார்த்தேன். எப்பவும் ஒரு தடவைதான் பார்ப்பேன். தப்பாப் போயிருமோன்னு பார்க்கலை. அவர் செத்துட்டா என்னை என்ன சொல்வாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன். அவருக்காகப் பார்க்கலை, எனக்காகப் பார்த்தேன். அந்த நேரம் அவரோடதும்மா. நான் எடுத்துக்கிட்டேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"நர்ஸா அங்கே நின்னிருக்க வேண்டியவ, குற்றவாளிக் கூண்டுல நிக்கிற மாதிரி நின்னேன். அவ்வளவுதான்."

அடுத்து வேலாயுதப்பெருமாளைக் கூப்பிட்டார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். அவர் நின்றுகொண்டார்.

"அந்தப் பொண்ணு சொன்னது எல்லாம் நெஜம். என் உசுரைக் காப்பாத்தினது அதுதான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல." மூச்சு வாங்கினார். "ஆனா நாளைக்கே மறுபடி எனக்கு முடியாமப் போயி, கண்ணைத் திறந்து பார்க்கும்போது அது கையில ஊசியோட நின்னா, நான் மறுபடியும் வெரலை மடக்குவேன். அது நல்ல பொண்ணுன்னு தெரிஞ்சும் மடக்குவேன். நான் யாருக்கும் பயந்து வாழ்ந்தவன் இல்ல. எம்பது ரூவா லஞ்சம் வாங்கலைன்னு என்னைய மூணு ஊருக்கு மாத்துனானுவ, அப்பவும் பயப்படலை. இப்ப இந்தப் பச்சைப்பிள்ளைக்குப் பயப்படுதேன். எனக்கு வெக்கமா இருக்கு. உங்க சட்டம் எனக்குத் தந்த ஓய்வூதியம் இதுதான்."

அவர் இறங்கி வரும்போது பிரிசில்லா எழுந்து வழிவிட்டாள். அவர் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, "உடம்பைப் பார்த்துக்க தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையசைத்தாள்.

ஆணையத்தின் முடிவு ஒரு மாதத்தில் வந்தது. பெயர்கள் இரண்டு பக்கமும் உடனடியாக மறைக்கப்படும். யாரோடு யார் இணைந்திருக்கிறார்கள் என்பது இனி யாருக்கும், ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கும் தெரியாது. இணைவரி தொடரும். இளையோரின் சுமையைக் கருதி ஆறுதல் காலமும் தொடரும். பெரிய ஓய்வூதியங்களுக்கு வரி விதிப்பதைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு. ஓய்வூதியர் சங்கம் லட்டு கொடுத்தது. ஆறுதல் காலம் தப்பியதென்று பேரவையும் வெடி போட்டது. முதல் தேதி சம்பளச் சீட்டைத் திறந்தபோது அந்தப் பெயர் இருந்த இடத்தில் 'ஒருவர்' என்று மட்டும் இருந்தது. பிரிசில்லாவுக்கு அப்பாடா என்றிருந்தது. பெட்டகம் இனி அவள் முகத்தைக் கண்டதும் திறக்கும்.

மறுநாள் காலை ஆறுமுகநேரியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போனாள். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கையை நீட்டச் சொன்னதும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்கு என்ன வயசும்மா?"

"முப்பத்தி நாலும்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்." கை வெளியே வரவில்லை. "நாப்பது தாண்டினவுக யாராவது இருந்தா வரச் சொல்லேன். ஒன்னைத் தப்பா நெனைக்கலை. யாரு யாருன்னு இப்பத் தெரியவே மாட்டேங்குதே."

பிரிசில்லா ஊசியை ட்ரேயில் திரும்ப வைத்தாள். முன்பு அவளுக்குப் பயப்பட ஊரில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அவள் போய் சரோஜினியை அனுப்பினாள். அடுத்த கட்டிலில் இருந்தவரும் அவளைப் பார்த்ததும், "பெரிய சிஸ்டர் வரட்டுமே" என்றார், சிரித்துக்கொண்டே. சரோஜினி இரண்டு கட்டிலுக்கும் ஓடினாள். அன்று வார்டில் பன்னிரண்டு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

மூன்றாவது கட்டிலில் ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர், காது மந்தமானவர். ட்ரேயை மேசையில் வைத்தாள். அவர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"வயசு என்ன தாயி?"

"நாப்பத்தி ஒண்ணு," என்றாள் பிரிசில்லா, அவர் காதுக்குக் கேட்கும்படி.

"ஆளைப் பார்த்தா தெரியலையே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவர் சிரித்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் பட்டையைக் கட்டி, குனிந்து நரம்பைத் தேடினாள்.